அம்மிச்சி டப்பாவில் எட்டுக் காசு: கிரேடிங் அனுப்பலாமா, வேண்டாமா?

போன தை மாசம் காங்கயத்திலிருந்து சித்தி மகன் வந்திருந்தான். கையில் துருப்பிடித்த ஒரு தகர டப்பா. எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) போன பிறகு வீட்டை ஒதுங்க வைக்கும்போது அரிசிப் பானைக்குள் கிடைத்ததாம். உள்ளே எட்டுப் பழைய நாணயம். சாப்பாடு கூட ஆகவில்லை, டப்பாவைத் திறந்து திண்ணையில் கொட்டிவிட்டான்.

"ஏனுங்ணா, இதைக் கிரேடிங் பண்ணி வித்தா லட்சக்கணக்குல போகுமுன்னு ஒரு வீடியோவுல சொன்னானுங்க. நெசமுங்களா?"

நான் பத்துப் பன்னிரண்டு வருடமாகப் பழைய காசு சேகரிக்கிறவன். இந்தக் கேள்வி மாசத்துக்கு ஒரு தடவையாவது யாரிடமிருந்தாவது வந்துவிடும். அன்றைக்கு அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் நிதானமாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் கிரேடிங் என்றால் என்ன? ஒரு நாணயத்தை விற்பவரும் வாங்குபவரும் அல்லாத மூன்றாவது ஆள் பார்த்து இரண்டு விஷயம் சொல்வது. இது அசலா, போலியா? அசல் என்றால் எந்த அளவுக்குத் தேயாமல், கீறல் படாமல் இருக்கிறது? சொன்ன பிறகு காசைக் கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, உடைக்காமல் எடுக்க முடியாதபடி மூடி, மேலே தரத்தையும் ஒரு சான்று எண்ணையும் அச்சடித்துத் தருவார்கள். அந்தப் பெட்டிக்குப் பெயர் ஸ்லாப்.

இது எதற்குத் தேவைப்படுகிறது என்பது ஈரோட்டு மஞ்சள் மார்க்கெட்டைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். அங்கே விரலி தனி, கிழங்கு தனி. மாதிரியை எடுத்து வைத்திருப்பார்கள். வியாபாரி ஒரு விரலியை ஒடித்து உள்நிறத்தைப் பார்ப்பார், கையில் உருட்டிப் பார்ப்பார், விலையை எழுதுவார். சரக்கும் கண்ணும் ஒரே இடத்தில் இருப்பதால் நடுவில் சான்றிதழ் எதுவும் வேண்டியதில்லை. காசு வியாபாரம் அப்படி இல்லை. விற்கிறவர் காங்கயத்தில், வாங்குகிறவர் மும்பையில். நடுவில் இருப்பது செல்போனில் எடுத்த ஒரு படம். அந்தப் படத்தை நம்பி முப்பதாயிரம் ரூபாய் போட எவருக்கும் மனசு வராது. அந்தத் தயக்கத்தைத் தீர்க்கத்தான் மூன்றாவது ஆள். ஆக, கிரேடிங்குக்குக் கட்டுகிற பணம் காசுக்கான பணம் இல்லை. முகம் தெரியாத ஒருவர் நம்மை நம்புவதற்கான பணம். அந்த நம்பிக்கை நமக்குத் தேவையா, தேவை என்றால் அது அந்த விலைக்குத் தகுமா என்பதுதான் முழுக் கேள்வியும்.

நகைக்கடைக்குப் போய்ப் பழகியவர்கள் ஹால்மார்க் மாதிரி என்று நினைத்துக்கொள்வார்கள். பாதி சரி. 916 என்பது சோதனையில் அளந்து வந்த எண். எந்த மையத்தில் பார்த்தாலும் தங்கத்தின் சுத்தம் அதேதான் வரவேண்டும். காசின் தரம் அப்படி அளக்கிற சங்கதி அல்ல. அனுபவமுள்ள கண் சொல்லும் கருத்து. அதே காசை ஸ்லாப்பிலிருந்து உடைத்தெடுத்து மறுபடி அனுப்பினால் ஒரு எண் கூடியோ குறைந்தோ வருவதுண்டு. அதற்காகவே உடைத்து அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

அந்த எண் 1-லிருந்து 70 வரை. 100 வரை வைக்காமல் இதென்ன 70 என்று எனக்கும் ஆரம்பத்தில் குழப்பமாக இருந்தது. வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் 1949-ல் அவர்கள் நாட்டுப் பழைய ஒரு சென்ட் செப்புக் காசுகளுக்கு விலை வைக்க ஒரு முறை கண்டுபிடித்தார். மிக மோசமாகத் தேய்ந்த காசு ஒரு டாலர் என்றால், மிக அருமையான காசு 70 டாலர் போகும் என்பது அவர் கணக்கு. விலைகள் மாறிவிட்டன, அளவுகோல் மட்டும் நின்றுவிட்டது. பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. என்ற இரண்டு கிரேடிங் நிறுவனங்கள் முறையே 1986-லும் 1987-லும் அமெரிக்காவில் வேலையைத் தொடங்கியபோது இதையே எடுத்துக்கொண்டன. இன்றைக்கு உலகம் முழுக்கச் சேகரிப்பவர்கள் அதிகம் கேட்பது இந்த இரண்டு பெயரைத்தான். நம் நாட்டிலும் தரம் பார்த்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வெளிநாட்டு வாங்குபவருக்கு அந்த இரண்டு பெயர் சொன்னால்தான் காது திரும்பும்.

எண்ணில் முக்கியமான கோடு 60. அறுபதும் அதற்கு மேலும் போனால் புழக்கத்துக்கே போகாத காசு என்று பொருள், எம்.எஸ். (மின்ட் ஸ்டேட்) என்று முன்னால் போடுவார்கள். ஐம்பதுகளில் இருந்தால் லேசாகக் கைபட்டது, ஏ.யு. (அபவுட் அன்சர்குலேட்டட்). நாற்பதுகள் எக்ஸ்.எஃப். (எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்), இருபது முப்பதுகள் வி.எஃப். (வெரி ஃபைன்), அதற்குக் கீழே படிப்படியாகத் தேய்மானம். 63-க்கும் 65-க்கும் வித்தியாசம் புதியவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் சில காசுகளில் விலை அங்கேதான் மடங்காகிறது. இன்னொரு முடிவும் உண்டு. எண்ணே தராமல் "டீடெய்ல்ஸ்" என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். காசு அசல்தான், ஆனால் கழுவியிருக்கிறது, தேய்த்திருக்கிறது, ஓட்டை போட்டிருக்கிறது என்று அர்த்தம். பழைய காசு வைத்திருக்கும் நம்மூர்க்காரர்கள் பயப்பட வேண்டிய வார்த்தை இதுதான்.

ஏனென்றால் நம் வீடுகளில் வெள்ளி என்றாலே விபூதி போட்டுத் தேய்ப்பது. பித்தளைக்குப் புளி. குத்துவிளக்குக்கு என்ன செய்கிறோமோ அதையே விக்டோரியா ராணி தலை போட்ட ரூபாய்க்கும் செய்திருப்போம். டப்பாவிலிருந்து முதலில் எடுத்த 1862-ம் வருட ஒரு ரூபாய்க் காசு அப்படித்தான் இருந்தது. கண்ணாடி மாதிரி மின்னியது. தம்பிக்கு ஒரே சந்தோஷம். விளக்குக்கு அடியில் சாய்த்துக் காட்டினேன். ராணியின் கன்னத்திலும் பின்னால் இருக்கும் வெற்றிடத்திலும் ஒரே திசையில் மெல்லிய கோடுகள் ஓடின. விபூதி போட்டு விரலால் தேய்த்த கோடுகள். அச்சடித்தபோது உலோகத்தில் விழும் இயற்கையான ஒளி ஒரு தடவை போனால் திரும்பி வராது. மஞ்சளுக்குப் பாலிஷ் போட்டால் விலை ஏறும், காசுக்குப் போட்டால் இறங்கும். அதைச் சொன்னதும் அவன் முகம் சுருங்கியது. "அம்மிச்சி ஆடிப் பதினெட்டுக்கு ஆடிப் பதினெட்டு எடுத்துத் தேய்ச்சு வெப்பாங்ணா" என்றான்.

இந்தப் பாடத்தை நான் காசு கொடுத்துக் கற்றேன். பள்ளிக்கூட நாளில் கிடைத்த 1947 நிக்கல் ரூபாய் ஒன்று, பின்பக்கம் புலி நடந்துபோகும் காசு, என்னிடம் இருந்தது. சின்ன வயதில் அதற்குப் பற்பசை போட்டுத் துடைத்ததை மறந்தே போய்விட்டேன். பெரியவனான பிறகு ஒரு ஆர்வத்தில் ஒரு வியாபாரி மூலமாக அமெரிக்காவுக்கு அனுப்பினேன். பல மாதம் கழித்து அழகான ஸ்லாப்பில் திரும்பி வந்தது. மேலே "டீடெய்ல்ஸ், கழுவப்பட்டது". அனுப்பிய செலவு அந்தக் காசின் விலையைவிடப் பல மடங்கு. வியாபாரியைக் குறை சொல்லவும் வழியில்லை; அனுப்பும் முன்பே அவர் லென்ஸை என் கையில் கொடுத்து "நீங்களே பாருங்க" என்றார். நான் புலியை மட்டும் பார்த்தேன்.

இரண்டாவது காசு 1893. மேல் விளிம்பில் ஒரு சின்ன வெள்ளிப் பொட்டு. அது கொக்கி வைத்துப் பற்றவைத்த இடம். ஒரு காலத்தில் யாரோ கழுத்துச் சரட்டில் கோத்துப் போட்டிருக்கிறார்கள். கொங்கு நாட்டில் விக்டோரியா, எட்வர்டு ரூபாய்களில் இப்படிப்பட்டவை ஏராளமாக வரும். குடும்பத்துக்கு அது பெருமை. கிரேடிங்கில் அது சேதம்.

மூன்றாவது ஐந்தாம் ஜார்ஜ், 1919. தலைமுடியும் மீசையும் ஒன்றாகிப் போகும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. இந்த மூன்றும் தரத்தினால் அல்ல, வேறொரு காரணத்தால் முதலிலேயே ஒதுங்கிவிடும். இதைப் பல பேர் யோசிப்பதில்லை.

1972-ம் வருடத் தொல்பொருள் மற்றும் கலைப்பொக்கிஷச் சட்டப்படி, நூறு வருடத்துக்குக் குறையாத பழமையுள்ள நாணயம் ஒரு தொல்பொருள். தனி ஆள் எவரும் அதை நாட்டுக்கு வெளியே அனுப்பக்கூடாது. மத்திய அரசோ, அது அதிகாரம் கொடுத்த அமைப்போதான் அனுப்பலாம். மீறினால் ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறையும் அபராதமும். தரம் பார்த்துத் திருப்பி அனுப்பத்தானே போகிறார்கள் என்று நாமாகச் சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது; தபாலில் போட்டால் அது ஏற்றுமதிதான். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்கள் 1922-க்குள் முடிந்துவிடுகின்றன. அடுத்து ரூபாய் வருவது 1938-ல், ஆறாம் ஜார்ஜ் தலையோடு. அதனால் வீட்டில் இருக்கிற விக்டோரியா, எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் மொத்தமும் இன்றைக்கு நூறைத் தாண்டியவை. வெளிநாட்டு ஸ்லாப் என்ற பேச்சே அவற்றுக்குக் கிடையாது. நாட்டுக்குள்ளேயே நம்பகமான ஆளிடம் காட்டலாம், நாட்டுக்குள் நடக்கும் ஏலத்தில் விற்கலாம், அவ்வளவுதான்.

கரூர்ப் பக்கம் இருப்பவர்கள் இங்கே கொஞ்சம் கூடக் கவனிக்க வேண்டும். அமராவதி ஆற்று மணலில் சேரர் காசும் ரோமக் காசும் கிடைத்த ஊர் அது. கோவைக்குப் பக்கத்து வெள்ளலூரில் 1842-ல் ஒரு பானை நிறைய ரோம வெள்ளிக் காசு கிடைத்தது, அகஸ்டஸ், டைபீரியஸ் பெயர் போட்டவை. அந்த மாதிரிப் புதையல் மண்ணிலிருந்து கிடைத்தால் கிரேடிங் பற்றி யோசிக்கவே கூடாது. 1878-ம் வருடப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது எதுவும் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாய் என்ற வரம்பைப் பார்த்தால் சிரிப்பு வரும், ஆனால் சட்டம் சட்டம்தான்.

சரி, டப்பாவுக்குத் திரும்புவோம். அடியிலிருந்து மேலே வருகிறேன். எட்டாவது, வைஷ்ணோ தேவி படம் போட்ட 2012-ம் வருட ஐந்து ரூபாய். வீடியோவில் லட்சம் என்று சொன்னது இதைத்தான். புழக்கத்துக்காகவே ஏகப்பட்டது அடித்து விட்ட காசு. அதன் மதிப்பு கிட்டத்தட்ட ஐந்து ரூபாய். பழைய காசை வாங்கி விற்கிறோம் என்று ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்பவர்களைப் பற்றி அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. லட்சம் தருகிறேன் என்பவர் முன்பணமாக ஐந்நூறு கேட்டால் அங்கேயே ஃபோனை வைத்துவிடுங்கள்.

ஏழாவது முன்னாள் மத்திய அமைச்சர் சி. சுப்பிரமணியம் நூற்றாண்டு ஐந்து ரூபாய், 2010. பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்துக்காரர் என்பதால் நம்மாட்கள் இதை எடுத்து வைத்திருப்பார்கள். நானும் இரண்டு வைத்திருக்கிறேன். பாசத்துக்கு வைத்துக்கொள்ளலாம், ஸ்லாப்புக்கு அனுப்ப வேண்டியதில்லை. ஆறாவது காந்தி நூற்றாண்டுக்கு 1969-ல் வந்த பத்து ரூபாய், 15 கிராம், நூற்றுக்கு எண்பது வெள்ளி. நிறையப் பேரிடம் இருக்கிறது, வெள்ளி விலையைச் சுற்றியே நிற்கும். ஐந்தாவது 1945-ம் வருட ஒரு ரூபாய். போர்க்காலத்தில், 1940-லிருந்து, வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். தேய்ந்த நிலையில் இதுவும் சாதாரணம்.

நடுவில் ஒன்று மிச்சம். 1938.

அம்மிச்சி அதை ஒரு மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தார். எதற்கான முடிப்பு என்று எவருக்கும் ஞாபகம் இல்லை; கோயில் வேண்டுதலாக இருக்கலாம். முடிப்பை அவிழ்க்காததால் விபூதி படவில்லை. லேசாகக் கறுத்திருந்தது. விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்தேன். வெளிச்சம் ஆறாம் ஜார்ஜின் தலையைச் சுற்றி வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி சுழன்றது. அச்சடித்த ஒளி இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். பத்து மடங்கு லென்ஸில் புருவத்தையும் கன்னத்தையும் கிரீடத்தையும் பார்த்தேன். மேடான இடங்கள்தான் முதலில் தேயும்; அங்கே ஒளி உடையவில்லை. தெரு முனை நகைப் பட்டறையில் எடை போட்டோம். 11.66 கிராம் இருக்க வேண்டும், இருந்தது.

"அப்ப இதை அனுப்பலாமுங்களா?"

இப்போதுதான் கணக்குப் போட வேண்டும். இந்த எண்கள் கணக்குப் புரிவதற்காக நானே வைப்பவை. சந்தை நிலவரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கட்டணம், போகவர அஞ்சல், காப்பீடு, நடுவில் இருக்கும் வியாபாரியின் பங்கு எல்லாம் சேர்ந்து ஒரு காசுக்கு 5,000 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நிறுவனங்களின் கட்டணமும் ஒரே மாதிரி இருக்காது. காசின் மதிப்பு கூடினால் கூடும், சீக்கிரம் வேண்டுமென்றாலும் கூடும். காசை அப்படியே விற்றால் 6,000 கிடைக்கும். 64 வந்தால் 20,000, 62 வந்தால் 8,000, டீடெய்ல்ஸ் வந்தால் 4,000.

இப்படிப்பட்ட பத்துக் காசை அனுப்பினால் இரண்டுக்கு 64, ஐந்துக்கு 62, மூன்றுக்கு டீடெய்ல்ஸ் வரும் என்று எதிர்பார்த்தால், சராசரியாக ஒரு காசுக்கு 9,200 கிடைக்கும். செலவு 5,000 போனால் கையில் 4,200. சும்மா விற்றிருந்தாலே 6,000. நஷ்டம். அதே பத்தில் ஐந்துக்கு 64, நான்குக்கு 62, ஒன்றுக்கு மட்டும் டீடெய்ல்ஸ் என்றால் சராசரி 13,600; செலவு போக 8,600. லாபம்.

இரண்டு கணக்கிலும் கட்டணம் ஒன்று, விலைகளும் ஒன்று. மாறியது அனுப்பியவரின் கண் மட்டுமே. 64 வரக்கூடிய காசைப் பொறுக்கத் தெரிந்தவருக்குக் கிரேடிங் லாபம், தெரியாதவருக்கு லாட்டரி. காங்கயம் மாட்டைச் சந்தையில் பல்லையும் சுழியையும் பார்க்கத் தெரியாமல் தரகர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டி ஓட்டி வருகிறவன் கதைதான்.

அதனால் புதியவர்களுக்கு நான் சொல்வது: முதல் வருடம் எதையும் அனுப்பாதீர்கள். ஒரு நல்ல லென்ஸ், மேசை விளக்கு, சின்ன டிஜிட்டல் தராசு வாங்குங்கள். காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். நாணயக் கண்காட்சிக்குப் போனால் ஏற்கெனவே ஸ்லாப்பில் இருக்கும் காசை எண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்து, மனசுக்குள் ஒரு தரம் சொல்லுங்கள். பிறகு கையை எடுத்துச் சரிபாருங்கள். இதைவிட மலிவான பள்ளிக்கூடம் கிடையாது. ஐம்பது நூறு காசு பார்த்த பிறகு நீங்கள் சொல்லும் எண் ஒன்றிரண்டுக்குள் வந்து நிற்கும்.

எப்போது கண்ணை மூடிக்கொண்டு அனுப்பலாம்? போலி அதிகம் உலவும், விலையும் அதிகமான காசு என்றால். 1939 ரூபாய் நல்ல உதாரணம். அரிதான காசு, அதனாலேயே வார்ப்புப் போலியும், வேறு வருடக் காசின் கடைசி எண்ணைச் செதுக்கி மாற்றியதும் வருகின்றன. 1938 ரூபாயும் அதே எடை, அதே உயர்ந்த வெள்ளி என்பதால் தராசு மட்டும் காப்பாற்றாது. அந்தக் காசில் எண் 58-ஆ 62-வா என்பது இரண்டாம் பட்சம். அசல் என்ற ஒரு வார்த்தைக்கே கட்டணம் தகும். வாங்குவது என்றாலும் ஸ்லாப்பில் இருப்பதையே வாங்குவேன்.

ஸ்லாப்பிலும் போலி உண்டு என்பதை மறக்க வேண்டாம். பெட்டியையும் சீட்டையும் அப்படியே நகல் எடுக்கிறார்கள். சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் நாமே தட்டிப் பார்க்க வேண்டும். படம் இருந்தால் ஒவ்வொரு புள்ளியையும் கறையையும் ஒப்பிட வேண்டும். விற்பவர் அனுப்பும் இணைப்பைத் தொடவே கூடாது. அதே தளத்தில் அந்த வருடக் காசு எந்தத் தரத்தில் எத்தனை வந்திருக்கிறது என்ற கணக்கும் இருக்கும். 64-ல் நூற்றுக்கணக்கில் ஏற்கெனவே இருந்தால் நம்முடையதும் நூற்றோடு நூற்றொன்று.

விற்கும் எண்ணமே இல்லாதவருக்கு ஸ்லாப் தேவையில்லை. பாதுகாப்புக்குத்தான் என்றால் காற்றுப்புகாத கேப்சூல் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது. மெத்தென்றிருக்கும் பி.வி.சி. உறை மட்டும் வேண்டாம். நாளாக ஆக அது பச்சையாகக் கசிந்து காசில் ஒட்டும், பிறகு விபூதியே தேவலை என்றாகிவிடும்.

தம்பியின் 1938-க்கு என் கண் 62 அல்லது 63 என்றது. என் கண்ணைப் பற்றித்தான் புலிக் கதையில் சொல்லிவிட்டேனே. கோவையில் எனக்குத் தெரிந்த பழைய வியாபாரி ஒருவரிடம் காட்டினோம். சொல்லி வைத்தாற்போல அவரும் 62 என்றார். அந்தத் தரத்தில் கிடைக்கும் விலையில் செலவைக் கழித்தால் சும்மா விற்பதை விடப் பெரிதாக மிஞ்சவில்லை. இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தோம். ஒரே நெருடல், அதற்கும் 2038-ல் நூறு ஆகிவிடும். அதன் பிறகு நினைத்தாலும் வெளியே அனுப்ப முடியாது.

அதற்குள் யோசித்துக்கொள்ளலாம் என்று கேப்சூலில் போட்டுக் கொண்டுபோனான். மஞ்சள் துணியையும் மறக்காமல் மடித்து எடுத்துக்கொண்டான். 1862-ஐ மட்டும் பூஜை அறையில் வைக்கப்போவதாகச் சொன்னான். வருகிற ஆடிப் பதினெட்டுக்கு அதற்கு விபூதி போடுவார்களா என்று கேட்டேன். "அது போட்டுத்தானுங்ணா ஆகோணும்" என்றான்.